கெட்டிக்காரப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

அணைக்கட்டு ஓரத்திலா? அடுத்த தெருவிலா?
கொங்கு நாட்டுத் தாய்-தந்தையரின் கவலை

மகன் கெட்டிக்காரன். மகள் அவனைவிடக் கெட்டிக்காரி.

இருவரையும் எங்கே படிக்க வைப்பது?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. பணக்கார வீடுகளில் இது பெரிய கேள்வி அல்ல. கட்டணம் கட்டி எங்கே வேண்டுமானாலும் சேர்ப்பார்கள். பிடிக்காவிட்டால் மாற்றி விடுவார்கள். ஒரே ஒரு முறைதான் முடிவு எடுக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் வீட்டுக்குத்தான் தூக்கம் போய்விடுகிறது.

சோமனூர் பக்கம் அப்படி ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம்.

தந்தை விசைத்தறி ஓட்டுகிறார். கூலி நெசவு. பாவும் ஊடையும் வேறு ஒருவருடையவை. நெய்து முடித்த துணியும் அவருக்கே போய்விடும். தறியின் சத்தம் மட்டும் வீட்டோடு தங்கும். தாய் தார் சுற்றுகிறாள்.

மகள் 8-ம் வகுப்பு. மகன் 5-ம் வகுப்பு. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அங்கே 8-ம் வகுப்புக்கு மேல் கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம் தலைமை ஆசிரியர் வீடு தேடி வந்தார்.

"பையனை அமராவதி நகர் சைனிக் பள்ளிப் பரீட்சைக்கு எழுத வையுங்க. பொண்ணை அரசு மாதிரிப் பள்ளிக்கு அனுப்பலாம். ரெண்டும் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். காப்பி குடித்தார். போய்விட்டார்.

யோசனை தொடங்கியது. தறி நின்ற பிறகு, ராத்திரி பத்து மணிக்கு, புருஷனும் மனைவியும் பேசினார்கள்.

"ஏனுங்க, அவனுக்குப் பத்து வயசுங்க. ராத்திரியில முழிச்சா பக்கத்துல ஆருங்க இருப்பாங்க?"

"பெரிய பள்ளிக்கூடமாமா. படிச்சா ஆபீசர் ஆயிருவானாமா. கடனைக் கிடனை வாங்கியாவது சேத்தீரலாம்."

"அப்ப பாப்பாளுக்குங்க?"

"பொட்டப்புள்ளைய ஆஸ்டல்ல உட்டுப்போட்டு நாம எப்படித் தூங்கறது? பக்கத்து ஊரு ஐஸ்கூலே போதும்."

இந்தப் பேச்சில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பத்து வயதுப் பையனை, கடன் வாங்கி, தூரத்தில் விட மனம் வருகிறது. பதினாலு வயதை எட்டும் பெண்ணை, காசு செலவில்லாமல், விட மனம் வரவில்லை!

இரண்டு பள்ளிகளையும் பற்றித் தெரிந்து கொண்டால் கணக்கு தலைகீழாக மாறிவிடும்.

அணைக்கட்டுப் பள்ளி

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் அமராவதி அணை இருக்கிறது. மேலே ஆனைமலைக் காடு. அணைக்கு அருகில் 1976-ல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை. அந்தச் சுற்று வட்டாரத்தில்தான் அமராவதி நகர் சைனிக் பள்ளி இருக்கிறது.

"சைனிக்" என்றால் படைவீரன் என்று பொருள்.

இந்தப் பள்ளிகள் பிறந்த கதை சுவையானது. ராணுவத்தில் அதிகாரிகளாக வருகிறவர்களில் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளே மிகுதி என்ற குறை அந்தக் காலத்தில் இருந்தது. சாதாரண வீட்டுப் பிள்ளையும் அதிகாரி ஆகவேண்டும் என்று ராணுவ மந்திரி வி.கே.கிருஷ்ண மேனன் திட்டம் போட்டார். 1961-ல் முதல் பள்ளிகள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 1962-ல், அமராவதி நகர் பள்ளி தொடங்கியது. அப்போது உடுமலைப்பேட்டை கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உண்டானபோது அதில் சேர்ந்தது.

6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில். மத்தியப் பாடத்திட்டம். விடியுமுன் எழுந்திருப்பது, உடற்பயிற்சி, விளையாட்டு, படிப்பு எல்லாம் மணி அடித்தால் நடக்கும். புனா அருகே கடக்வாசலாவில் உள்ள தேசிய ராணுவக் கல்லூரிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதே பள்ளியின் முக்கிய நோக்கம். இப்போது மாணவிகளையும் சேர்க்கிறார்கள். 2021-ல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் பெண்களுக்கு இடம் திறந்தது.

சேருவதற்குப் பரீட்சை உண்டு. நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கும். 6-ம் வகுப்புக்கு 125 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். அந்த 300-ல் கணக்குக்கு மட்டும் 150! மீதி மொழி, பொது அறிவு, புத்திக் கூர்மை. இந்தப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். சேரும் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அன்று வயது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். பரீட்சையில் தேறினால் உடல் பரிசோதனை. கண் பார்வையும் பார்ப்பார்கள்.

பள்ளியின் தரத்தில் குறை சொல்வதற்கில்லை. பட்டாளத்து ஆசை உள்ள பிள்ளைக்கு அது பொன்னான இடம்.

அந்த ஆசை யாருக்கு என்பதுதான் கேள்வி. பத்து வயதுப் பையனுக்கா? அவனுடைய அப்பாவுக்கா?

கட்டணம் ஆண்டுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு உதவித் தொகை உண்டு. அது எவ்வளவு, எந்த மாதம் கைக்கு வரும் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டுக் கொண்ட பிறகே கடன் பத்திரத்தில் கை வைக்க வேண்டும்.

வெளியே தெரியாத ஒரு செலவு

பணச் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத செலவு ஒன்றும் இருக்கிறது. சோமனூர்த் தந்தைக்கு அதை யாரும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 சதவீத இடத்தை 2020-ம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. 2021-ல் பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. பொறியியல் படிப்பில் இந்த வழியாகச் சேர்ந்தவர்களின் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை மாநில அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

சைனிக் பள்ளி அந்தக் கணக்கில் வராது. அரசு உதவி பெறும் தனியார் பள்ளியும் வராது. இது தெரியாமல், "எல்லாம் ஒன்றுதானே" என்று 6-ம் வகுப்பில் உதவி பெறும் பள்ளிக்கு மாற்றிவிடுகிறவர்களும் உண்டு.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் வந்தது. மாணவர்களுக்கான "தமிழ்ப் புதல்வன்" திட்டம் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி தொடங்கியது. அதன் தொடக்க விழா நடந்த இடம், நம் கோவை அரசு கலைக் கல்லூரி!

ஆக, பையன் பட்டாளத்துக்குப் போக விரும்பினால் இந்த நஷ்டம் நஷ்டமே அல்ல. டாக்டர் ஆகும் கனவு இருந்தால், 10 வயதில் போட்ட ஒரு கையெழுத்து 17 வயதில் வந்து வழியை மறிக்கும்.

இன்னொன்றும் தெரிந்து கொள்ள வேண்டும். சைனிக் பள்ளிக்கு 9-ம் வகுப்பிலும் பரீட்சை உண்டு. 13 முதல் 15 வயது வரை எழுதலாம். அப்போது இடம் குறைவு, பரீட்சையும் ஆங்கிலத்தில். என்றாலும் கதவு ஒரேயடியாக மூடிவிடுவதில்லை. 10 வயதில் அழுகிற பிள்ளை, 13 வயதில் தானே பெட்டியைக் கட்டக்கூடும்.

மகளுக்கு ஒரு பரீட்சை

இப்போது மகளைப் பார்ப்போம்.

8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. "தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித் தொகைத் தேர்வு" என்பது அதன் பெயர். மூச்சு வாங்கும்! "என்.எம்.எம்.எஸ்." என்றால் ஆசிரியர்களுக்குப் புரியும். மத்திய அரசு 2008-ல் தொடங்கிய திட்டம். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695 பேர்.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ-மாணவிகள் எழுதலாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. 7-ம் வகுப்பில் 55 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 50 போதும்.

இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். ஒரு தாள் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் பாடங்கள். இன்னொன்று மனத்திறன். மனத்திறன் தாளைக் கண்டுதான் பிள்ளைகள் மிரள்வார்கள். உண்மையில் அது விடுகதை மாதிரி.

2, 6, 12, 20... அடுத்து என்ன எண்?

விடை 30. முதலில் 4 கூடுகிறது, பிறகு 6, பிறகு 8. அப்படியானால் அடுத்தது 10 கூட வேண்டும். இவ்வளவுதான். மூளைக்குத் தீனி.

தேறினால் மாதம் ரூ.1,000. ஆண்டுக்கு ரூ.12,000. 9-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகளுக்கு ரூ.48,000. பணம் மாணவியின் பாங்கிக் கணக்கில் நேராக விழும். 10-ம் வகுப்பில் 60 சதவீதம் வாங்கினால்தான் தொடரும்.

கிராமப்புறப் பிள்ளைகளுக்கு 9-ம் வகுப்பில் இன்னொரு பரீட்சை உண்டு. ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை ரூ.1,000. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு! என்றைக்கோ வைத்த தொகை. இன்று ஒரு ஜோடி செருப்புக்கும் ஒரு பைக்கும் சரியாகப் போகும். பெயரும் சான்றிதழும்தான் லாபம்.

மேல் வகுப்புகளுக்கு வந்தால் தொகை உயர்கிறது. 2022-ல் வந்த தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டு கிடைத்தது. 2023-ல் வந்த முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.10,000, பட்டப் படிப்பு முடியும் வரை.

இவை எல்லாம் ஊரை விட்டுப் போகாமலே, வீட்டுச் சோறு தின்றுகொண்டே பெறக்கூடியவை.

மாதிரிப் பள்ளி

தலைமை ஆசிரியர் சொன்ன அரசு மாதிரிப் பள்ளி வேறு வகை.

2021-22-ல் பத்து மாவட்டங்களில் தொடங்கினார்கள். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி மேலும் 15 திறக்கப்பட்டன. பிறகு 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, 9-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை தங்க வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். ஐ.ஐ.டி. போன்ற பெரிய கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள்.

அதே 2022 செப்டம்பர் 5-ந் தேதி "தகைசால் பள்ளிகள்" என்று 26 பள்ளிகளும் அறிமுகம் ஆயின. இவை ஏற்கனவே ஊரில் இருந்த பள்ளிகள். அவற்றையே சீர்படுத்தினார்கள். தங்க வேண்டியதில்லை, காலையில் போய் மாலையில் திரும்பலாம். கெட்டிக்காரப் பிள்ளையைப் பொறுக்கி எடுத்துத் தனியே வளர்ப்பது ஒரு வழி, எல்லாரும் படிக்கும் பள்ளியையே உயர்த்துவது இன்னொரு வழி என்று ஒரே நாளில் இரண்டு பாதையிலும் கால் வைத்திருக்கிறார்கள்.

மாதிரிப் பள்ளி, மாநில அரசின் பள்ளி. ஆகவே 7.5 சதவீத ஒதுக்கீடு கையை விட்டுப் போகாது. சைனிக் பள்ளிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இது.

முடிச்சு எங்கே?

முடிச்சு என்.எம்.எம்.எஸ். விதியில் இருக்கிறது.

தங்குமிடமும் சாப்பாடும் படிப்பும் அரசே கொடுக்கும் உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த உதவித் தொகை கிடையாது என்று விதி சொல்கிறது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கும் இல்லை.

மகள் பரீட்சையில் தேறுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். மாதிரிப் பள்ளியிலும் இடம் கிடைக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டி வரலாம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்து கொள்வது நல்லது.

விட்டால் எவ்வளவு நஷ்டம்? நாலு ஆண்டில் ரூ.48,000. தறி ஓட்டும் வீட்டுக்கு அது சின்னப் பணம் அல்ல. ஆனால் ஒரு பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறு, பஸ் செலவு, நோட்டுப் புத்தகம், தனிப்பயிற்சி எல்லாம் கூட்டிப் பார்த்தால் மாதம் ஆயிரத்தில் அடங்குமா? அடங்காது. பணக் கணக்கில் மாதிரிப் பள்ளியே மேல்.

மீதி இருப்பது மனக் கணக்கு. அம்மா கூப்பிட்டால் ஓடி வரும் தூரத்தில் மகள் இருக்க மாட்டாள். உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக் கஷாயம் கிடைக்காது. விடுதி எப்படி, காவல் எப்படி, வீட்டுக்கு எப்போது விடுவார்கள், போனில் பேசலாமா? இதை எல்லாம் ஒரு நாள் கூலியை விட்டாவது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அக்கம் பக்கத்தார் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

பாலக்காட்டில் ஒரு பள்ளி

"நவோதயா பள்ளி இருக்கிறதாமே, அதில் சேர்க்கலாமே" என்று சிலர் சொல்வார்கள்.

கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்றே மத்திய அரசு தொடங்கியவை நவோதயா பள்ளிகள். 1986-ம் ஆண்டு கல்விக் கொள்கையோடு வளர்ந்தவை. முக்கால் பங்கு இடம் கிராமப் பிள்ளைகளுக்கு. கோவையில் இருந்து வாளையாறு தாண்டினால், பாலக்காடு மாவட்டம் மலம்புழாவில் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பாலக்காடு மாவட்டப் பிள்ளைகளுக்கே. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாடு 1968 முதல் இருமொழிக் கொள்கை உடைய மாநிலம். நவோதயா பள்ளிகளில் மும்மொழித் திட்டம், அதில் இந்தியும் உண்டு. அதனால் தமிழ்நாடு இந்தப் பள்ளிகளை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது பெரியவர்கள் பேச வேண்டிய பேச்சு. சோமனூர் வீடு இந்த ஆண்டே முடிவு எடுத்தாக வேண்டும்.

இலுப்பைப் பூ

"ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்பார்கள்.

உள்ளூர்ப் பள்ளியில் முதல் மாணவியாக இருப்பவள், கெட்டிக்காரர்கள் மட்டுமே கூடிய பள்ளிக்குப் போனதும் முப்பதாவது ஆளாகி விடலாம். அவள் அறிவு குறையவில்லை. கூட இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். ஆனால் பிள்ளை மனசு அப்படிக் கணக்குப் போடுமா? "நான் மக்கு" என்று நினைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மனநூல் அறிஞர் ஹெர்பர்ட் மார்ஷ் 1987-ல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், பொறுக்கி எடுத்த பள்ளியில் படிப்பவருக்குத் தன்மேல் உள்ள நம்பிக்கை குறைவாக இருப்பதைக் கண்டார்.

அமெரிக்காவில் இருந்து இன்னொரு செய்தி. பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் பரீட்சை வைத்துச் சேர்க்கும் பேர் பெற்ற அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. மயிரிழையில் இடம் பெற்றவர்களையும், மயிரிழையில் இழந்தவர்களையும் பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். 2014-ல் அந்த ஆராய்ச்சி வெளியானது. பிற்பாடு வாங்கிய மதிப்பெண்களில் பெரிய வேற்றுமை இல்லை!

இதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. அந்த ஊரில் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் ஆய்வுக்கூடம், நூலகம், ஆசிரியர் எல்லாம் இருந்திருக்கும். இங்கே கணக்கு ஆசிரியர் இடம் காலியாக உள்ள உயர்நிலைப் பள்ளியில் சேரும் பிள்ளையின் நிலை வேறு. ஆனால் ஒரு மதிப்பெண்ணில் இடம் தவறியதற்காக வீட்டில் இழவு விழுந்தது போல் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு இந்தச் செய்தி ஆறுதல் தரும்.

கோதவாடியும் ஈரோடும்

பொள்ளாச்சி அருகே கோதவாடி என்ற கிராமம். அங்கே 1958-ல் பிறந்தவர் மயில்சாமி அண்ணாதுரை. தந்தை பள்ளி ஆசிரியர். சுற்று வட்டார அரசுப் பள்ளிகளில் தமிழில் படித்தார். பிறகு பொள்ளாச்சிக் கல்லூரி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. 2008-ல் சந்திரனுக்குப் போன சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குனர் அவர்தான்.

உள்ளூர்ப் பள்ளியில் படித்தவர் நிலாவைத் தொடவில்லையா என்று இவரைக் காட்டி வாதாடுவார்கள். வாதம் பாதிதான் சரி. வீட்டிலேயே ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். தறி வீட்டுப் பிள்ளைக்கு அந்த வசதி ஏது?

ஈரோட்டில் 1887-ல் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் உலகம் புகழ்ந்த கணித மேதை ராமானுஜன். படித்தது கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில். 1904-ல் அந்தப் பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கினார். கல்லூரிக்குப் போனதும் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைத் தொடவில்லை. உதவித் தொகை பறிபோனது! அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு இன்னும் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டி வந்தது.

எல்லாப் பாடத்திலும் நூறு வாங்குகிற பிள்ளையைப் பரீட்சைகள் கண்டுபிடித்து விடுகின்றன. ஒரே ஒரு பாடத்தில் மூழ்கிப்போகிற பிள்ளையை அவை தவறவிடுகின்றன. அப்படிப்பட்ட பிள்ளையை அடையாளம் காணத் தெரிந்த ஓர் ஆசிரியர் உள்ளூரில் இருந்தால், அவரை விட்டுவிட்டு ஓடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

உள்ளூரிலும் ஒரு குறை உண்டு. சொல்லித்தான் ஆகவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை பத்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிடும். பிறகு என்ன செய்வது? கரும்பலகையில் எழுதச் சொல்வார்கள். பேசுகிறவர்கள் பெயரைக் குறிக்கச் சொல்வார்கள். மற்றப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தச் சொல்வார்கள். சட்டாம்பிள்ளை வேலை! ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் கூர்மையான கத்தியும் மழுங்கும். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தால் போதும். நூலகத்தில் உறுப்பினர் ஆக்கினால் போதும். விடுமுறையில் கோவை அவினாசி சாலையில் ஜி.டி.நாயுடு தொழிற்பொருட்காட்சிக்கு அழைத்துப் போகலாம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் எத்தனை எந்திரங்களோடு மல்லுக்கட்டினார் என்று அங்கே காணலாம்.

சோமனூர் வீட்டில்...

ஒரு வாரம் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை. தறி ஓடவில்லை.

தந்தை மகனைக் கூப்பிட்டார். "கண்ணு, அமராவதிப் பள்ளிக்கூடத்துக்குப் போறியா?"

"அங்க முதலைப் பண்ணை இருக்குதுங்களாமா அப்பா?"

"இருக்குது."

"அப்பப் போறேனுங்க. சாயங்காலம் வந்தரலாமுங்களா?"

தாய் முகத்தைத் திருப்பிக் கொண்டு சிரித்தாள். தந்தையும் சிரித்துவிட்டார்.

"இவன் இன்னும் மூணு வருசம் இங்கயே இருக்கட்டும். பரீட்சை வேணா எழுதிப் பார்க்கட்டும்" என்றார்.

பிறகு மகள் பக்கம் திரும்பினார். அவள் திண்ணையில் உட்கார்ந்து எதையோ எழுதிக் கொண்டிருந்தாள். ஒரு வாரமாக வீட்டில் நடந்த பேச்சில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீ என்ன பாப்பா சொல்ற?"

அவள் பதில் சொல்லவில்லை. கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். தலைமை ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போன மாதிரிப் பள்ளிச் சம்மதக் கடிதம். பெயர், வகுப்பு, ஊர், எல்லாவற்றையும் பென்சிலால், அழிக்கக் கூடிய விதத்தில் மெல்லிசாக எழுதி வைத்திருந்தாள்.

தந்தை கையெழுத்துப் போடவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"பேனா எங்க?" என்றார் அவர்.